பாண் ஒத்துவரவில்லையா? யாழ்ப்பாண வீடுகளுக்கான கேள்வி பதில்கள்

பாண், பணிஸ், கோதுமை மா ஆகியவற்றால் வரும் ஒவ்வாமை பற்றியும், ஒவ்வாமை என்று தவறாக நினைக்கப்படும் மற்ற வயிற்று வருத்தங்கள் பற்றியும் இங்கே அடிக்கடி கேட்கப்படும் கேள்விகளைத் தொகுத்திருக்கிறேன். வைத்தியரைப் பார்ப்பதற்கு இது மாற்று அல்ல. ஆனால் அவரிடம் போகும்போது எதைச் சொல்ல வேண்டும், எதை மறைக்காமல் சொல்ல வேண்டும் என்பது இதை வாசித்தால் தெரியவரும்.

பாண் சாப்பிட்டால் எனக்கு ஒத்துவருவதில்லை. இது அலர்ஜியா?

இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். "ஒத்துவரவில்லை" என்று நாங்கள் ஒரே வார்த்தையில் சொல்வதற்குள் குறைந்தது மூன்று வேறு வேறு விடயங்கள் இருக்கின்றன.

முதலாவது, உண்மையான ஒவ்வாமை. கோதுமையின் புரதத்தை உடலின் எதிர்ப்புச் சக்தி எதிரியாக எடுத்துக்கொள்கிறது. சாப்பிட்டுச் சில நிமிடங்களிலிருந்து இரண்டு மணித்தியாலத்துக்குள் தோல் கடிக்கும், தடித்துச் சிவக்கும், உதடு வீங்கும், சத்தி வரும், சிலருக்கு மூச்சு இழுக்கும். சிலருக்குத் துண்டுப் பாணின் ஓரத்தைக் கடித்தாலே போதும்.

இரண்டாவது, சீலியாக் நோய். இதுவும் எதிர்ப்புச் சக்தியின் வேலைதான், ஆனால் வழி வேறு. கோதுமையிலும் பார்லியிலும் உள்ள குளூட்டன் என்ற புரதம் உள்ளே போகும் ஒவ்வொரு முறையும் உடல் தன் சிறுகுடலையே தாக்குகிறது. அன்றைக்கே ஒன்றும் தெரியாமல் போகலாம். மாதங்களாக, வருடங்களாகக் குடலின் உட்சுவர் தேய்ந்து, சாப்பிட்ட சத்து உடம்பில் சேராமல் போகும்.

மூன்றாவது, சமிபாட்டுக் கோளாறு. வயிறு ஊதும், காற்றுப் பிரியும், உளைவு வரும். எரிச்சலான விடயம்தான், ஆனால் உயிருக்கு ஆபத்தில்லை, குடலும் பழுதாகாது. இங்கே அளவு முக்கியம்: ஒரு துண்டு பரவாயில்லை, அரை ராத்தல் சாப்பிட்டால் சிக்கல் என்று இருக்கும்.

இந்த மூன்றையும் பிரித்து அறிவதுதான் பாதி வேலை. ஏனென்றால் மூன்றாவது வகையினர் வீணாக வாழ்நாள் பத்தியம் இருக்கிறார்கள், இரண்டாவது வகையினர் "கொஞ்சம் சாப்பிட்டால் என்ன" என்று தங்களை அழித்துக்கொள்கிறார்கள். சாப்பிட்ட பிறகு வரும் நெஞ்செரிவு பெரும்பாலும் இவை எதுவுமே இல்லை, அது அமிலத்தின் கதை.

பாணை விட்டுவிட்டேன். காலையும் இரவும் பிட்டும் இடியப்பமும்தான். இன்னும் ஏன் குறையவில்லை?

யாழ்ப்பாணத்தில் பாணை விடுவது வேறு, கோதுமையை விடுவது வேறு.

உங்கள் வீட்டுப் பிட்டில் என்ன மா போகிறது என்று சமைப்பவரிடம் கேளுங்கள். அரிசி மாவோடு அவித்த கோதுமை மாவைக் கலந்து பிட்டு அவிப்பது இங்கே வழமை. பிட்டு மென்மையாக வர வேண்டும் என்றுதான் கலக்கிறார்கள். இடியப்பமும் அப்படியே. சிவப்பாகத் தெரிந்தாலும் அதற்குள் வெள்ளை மா இருக்கக்கூடும். கடையில் வாங்கும் வெள்ளை இடியப்பம் பல வேளைகளில் முழுக்கக் கோதுமை மாவேதான். தமிழ்நாட்டுத் தோசை அரிசியும் உழுந்தும். எங்கள் தோசையில் உழுந்து, வெந்தயம், அப்புறம் ஒரு பங்கு கோதுமை மா. அப்பம் அரிசி மா என்று நம்பிச் சாப்பிடுகிறோம், ஆனால் மாப் புளிக்கட்டும் என்று பாண் துண்டை ஊறவைத்துக் கரைத்து ஊற்றுபவர்களும் உண்டு.

பருத்தித்துறை வடையில் உழுந்தோடு கோதுமை மாவும் சேரும். கொழுக்கட்டை, மோதகம் ஆகியவற்றின் வெளி மாவிலும் கலப்பார்கள். பயத்தம் பணியாரத்தைத் தோய்த்துப் பொரிக்கும் கரைசலைக் கேட்டுப் பார்க்க வேண்டும். கட்லற்றும் ரோல்சும் பாண் தூளில் புரட்டாமல் எண்ணெய்க்குள் போவதில்லை. கொத்து ரொட்டியையும் பரோட்டாவையும் பற்றிச் சொல்லவே வேண்டாம். ரவை கோதுமைதான், ஆகவே உப்புமா, கேசரி, ரவை லட்டு எல்லாம் கோதுமை. சேமியாப் பாயசமும் நூடில்சும் கோதுமை.

இனி, கண்ணுக்கே தெரியாதவை. கடைப் பெருங்காயத் தூளில் மா கலந்திருப்பது பொதுவானது. சாம்பாரில் ஒரு சிட்டிகை என்றாலும் சீலியாக் உள்ளவருக்குக் கணக்கில் வரும். சோயா சோஸ் கோதுமை சேர்த்து நொதிக்க வைத்தது. ஹோர்லிக்சில் கோதுமையும் பார்லியும் இருக்கின்றன. சூடு பிடித்தால் அம்மம்மா அவித்துத் தரும் பார்லித் தண்ணீரிலும் குளூட்டன் உண்டு. வீட்டில் யாரும் அதைச் சாப்பாடு என்றே எண்ணுவதில்லை, அதனால் வைத்தியரிடமும் சொல்வதில்லை.

ஆகவே "பாணை நிறுத்திப் பார்த்தேன், ஒரு மாற்றமும் இல்லை" என்று யாராவது சொன்னால் அதிலிருந்து எந்த முடிவுக்கும் வர முடியாது. அவர் கோதுமையை நிறுத்தவே இல்லை.

என் மகனுக்கு பணிஸ் சாப்பிட்டதும் உடம்பு முழுக்கத் தடித்தது. கோதுமை என்று முடிவு செய்துவிடலாமா?

அவசரப்பட வேண்டாம். பணிசுக்குள் கோதுமை மட்டும் இல்லை. மேலே பளபளக்கிறதே, அது முட்டை. உள்ளே பால்மாவும் மாஜரினும் இருக்கலாம். மீன் பணிஸ் என்றால் மீனும் உண்டு. மேலே எள்ளுத் தூவியிருக்கலாம். சில மா மேம்படுத்திகளில் சோயா உண்டு.

முட்டையில் ஒரு விசித்திரம். முட்டை ஒவ்வாமை உள்ள பிள்ளைகளில் ஏறக்குறைய பத்தில் ஏழு பேர், மாவோடு கலந்து நன்றாக வெந்த முட்டையைத் தாங்குவார்கள். கேக் சாப்பிட்டு ஒன்றும் ஆகாது. ஆனால் பணிசின் மேல் பூசிய முட்டை அவ்வளவு வேகாததால் அதே பிள்ளைக்குத் தடிக்கலாம். "கேக் சாப்பிடுகிறானே, அப்ப முட்டை இல்லை" என்ற தர்க்கம் இங்கே எடுபடாது.

எள்ளு பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். எங்கள் சமையலறையில் நல்லெண்ணெய்க்கு உள்ள இடம் தெரியும்தானே. செக்கில் ஆட்டிய எண்ணெயில் எள்ளுப் புரதம் மிஞ்சியிருக்கும். எள்ளுப்பாகும் எள்ளுருண்டையும் சாப்பிட்டு ஒன்றும் ஆகாத பிள்ளை என்றால் எள்ளைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம். சாப்பிட்டதே இல்லை என்றால் அதுவும் சந்தேகப் பட்டியலில் இருக்கட்டும்.

அன்றைக்குச் சாப்பிட்டது முழுவதையும் எழுதி வையுங்கள். எந்தக் கடை, என்ன வகைப் பணிஸ், எத்தனை மணிக்குச் சாப்பிட்டான், எத்தனை மணிக்குத் தடித்தது, அதற்கு முன் ஓடி விளையாடினானா, ஏதாவது குளிசை குடித்தானா. தடிப்பைக் கைத்தொலைபேசியில் படமும் எடுங்கள், வைத்தியரிடம் போகும்போது அது மறைந்திருக்கும்.

கோதுமை ஒவ்வாமை என்று உறுதியானாலும் மனம் தளர வேண்டியதில்லை. சிறு வயதில் வருவது பெரும்பாலான பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடக் காலத்திலேயே விட்டுப்போகிறது. ஆனால் விட்டுப்போயிற்றா என்று வீட்டில் ஒரு துண்டைக் கொடுத்துப் பரீட்சிக்கக் கூடாது. அதை வைத்தியசாலையில், அட்ரினலின் ஊசி பக்கத்தில் இருக்கும்போதுதான் செய்ய வேண்டும்.

மூச்சு இழுக்கிறது, முகம் வீங்குகிறது. உடனே என்ன செய்வது?

1990 ஐ அழையுங்கள். சுவசெரிய இலவச அம்புலன்ஸ் சேவை, 2018 இலிருந்து வடக்கிலும் இயங்குகிறது. வாகனம் வாசலில் நிற்கிறது, பெரியாஸ்பத்திரியோ பருத்தித்துறை, தெல்லிப்பழை, சாவகச்சேரி ஆதார வைத்தியசாலைகளோ பக்கம் என்றால் நேரே கொண்டுபோங்கள். போகும் வழியில் படுக்க வைத்துக் காலைச் சற்று உயர்த்துங்கள். மூச்சுத் திணறினால் சாய்ந்து இருக்கவிடலாம். எழுந்து நடக்க விடாதீர்கள்.

இந்த நிலைக்கு மருந்து அட்ரினலின் ஊசி, தொடையின் வெளிப்பக்கத் தசையில். வீட்டில் உள்ள பிரிற்றன் குளிசை கடியைக் குறைக்கும், தொண்டை அடைப்பதை நிறுத்தாது. "பிரிற்றன் கொடுத்திருக்கிறோம், கொஞ்சம் பார்ப்போம்" என்று காத்திருப்பதுதான் நடக்கும் பெரிய பிழை. தேத்தண்ணி, சீனித் தண்ணீர் என்று எதையும் பருக்க வேண்டாம்.

ஊசி போட்டுச் சுகம் வந்தாலும் வைத்தியசாலையில் சில மணித்தியாலம் வைத்திருப்பார்கள். முதல் தாக்கம் அடங்கிய பின் இரண்டாவது தாக்கம் வரக்கூடும் என்பதால்தான் அது. வீட்டுக்குப் போக அவசரப்படுத்தாதீர்கள்.

பாண் சாப்பிட்டால் ஒன்றும் இல்லை, ஓடினாலும் ஒன்றும் இல்லை. சாப்பிட்டுவிட்டு ஓடினால் மட்டும் தடிக்கிறது. நம்புவார்களா?

நம்பத்தான் வேண்டும், இது மருத்துவம் அறிந்த நிலை. கோதுமையில் உள்ள ஒமேகா-5 கிளையடின் என்ற புரதம் இதற்கு முக்கிய காரணம். கோதுமை சாப்பிட்டுச் சில மணித்தியாலத்துக்குள் உடலை வருத்தினால்தான் தாக்கம் வரும், சில வேளை மயங்கி விழும் அளவுக்கு. உடற்பயிற்சிக்குப் பதிலாக ஆஸ்பிரின் போன்ற வலிநிவாரணியோ மதுவோ கூட இதைத் தூண்டும்.

இல்ல மெய்வல்லுநர் போட்டிக் காலத்தில் காலையில் பாணும் சம்பலும் சாப்பிட்டுவிட்டு மைதானத்துக்குப் போகும் பிள்ளை தடித்து மயங்கினால், "வெயில், பசி" என்று முடித்துவிடுவது சுலபம். ஒரு முறைக்கு மேல் நடந்தால் காலைச் சாப்பாடு என்ன என்று கேளுங்கள். விளையாட்டு ஆசிரியருக்கும் சொல்லி வையுங்கள்.

சீலியாக் நோய் வெள்ளைக்காரருக்கு வருவது அல்லவா?

அப்படித்தான் நெடுங்காலம் நினைத்தார்கள். உலக அளவில் ஏறக்குறைய நூற்றில் ஒருவருக்கு இது இருக்கிறது. இந்தியாவில் 2016 இல் வெளியான ஒரு பெரிய ஆய்வு, வடக்கில் நூற்றுக்கு ஒருவருக்குச் சற்று மேல் என்றும், தெற்கில் ஆயிரத்துக்கு ஒருவர் அளவில் என்றும் கண்டது. இதற்கு இடங்கொடுக்கும் மரபணுக்கள் இரு பக்கத்தாரிடமும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் இருந்தன. வித்தியாசம் தட்டில் இருந்தது: வடக்கே நாளொன்றுக்குச் சராசரியாக 455 கிராம் கோதுமை, தெற்கே 25 கிராம்.

இதை வாசித்துவிட்டு நாங்கள் தெற்கத்தியர்தானே, அரிசிச் சோறுதானே என்று இருந்துவிட முடியுமா? காலையில் பாண், பின்னேரம் றோல்ஸ், இரவு அவித்த மாப் பிட்டு என்று சாப்பிடும் வீட்டின் கணக்கு 25 கிராமில் நிற்காது. என் கருத்தில், இங்கே இந்த நோயை "எங்களுக்கு வராது" என்ற பெட்டிக்குள் போடுவது சரியில்லை.

வயிற்றோட்டமும் மெலிவும் மட்டும் அடையாளம் அல்ல. இரும்புச்சத்துக் குளிசை மாதக்கணக்கில் குடித்தும் இரத்தச்சோகை மாறவில்லை, பிள்ளை வயதுக்கேற்ப வளரவில்லை, முழங்கையிலும் முழங்காலிலும் கடியோடு கொப்புளம் வந்து வந்து போகிறது, எலும்பு பலவீனம் என்றெல்லாம் வரலாம். வயிற்றில் ஒரு தொந்தரவும் இல்லாதவர்களும் இருக்கிறார்கள். குடும்பத்தில் ஒருவருக்கு உறுதியானால் பெற்றோர், சகோதரர், பிள்ளைகள் எல்லாரும் பரிசோதிக்க வேண்டும்.

இந்த நோய்க்கும் பாணுக்கும் உள்ள தொடர்பை நிறுவியவர் வில்லெம் டிக்கே என்ற டச்சுக் குழந்தை வைத்தியர். 1930களிலேயே அவருக்குச் சந்தேகம் இருந்தது. 1944-45 குளிர்காலத்தில் நெதர்லாந்தில் பஞ்சம் வந்து பாண் இல்லாமல் போனபோது, இந்த நோய் இருந்த பிள்ளைகள் தேறினார்கள். பாண் திரும்பி வந்ததும் நோயும் திரும்பியது. 1950 இல் அவர் தன் ஆய்வேட்டில் இதை எழுதினார். பொருளாதாரத் தடைக் காலத்தில் மா இல்லாமல் இருந்தவர்கள் நாங்களும்தான், யாராவது அந்தக் கண்ணோடு பார்த்திருந்தால் என்ன கண்டிருப்பார்களோ.

எந்தச் சோதனை செய்ய வேண்டும்? அதற்கு முன் பாணை நிறுத்தலாமா?

நிறுத்தாதீர்கள். சீலியாக் சந்தேகம் என்றால் இதுதான் முதல் விதி. இரத்தத்தில் பார்க்கும் ரி.ரி.ஜி. எதிருடல், குளூட்டன் உடலுக்குள் போய்க்கொண்டிருந்தால்தான் தெரியும். சோதனைக்கு முன் குறைந்தது 6 கிழமை, தினமும் ஒரு நேரத்துக்கு மேல் கோதுமை உணவு சாப்பிட்டிருக்க வேண்டும். நிறுத்திவிட்டு, சுகம் வந்த பிறகு சோதனைக்குப் போனால் "ஒன்றும் இல்லை" என்று முடிவு வரும். இரத்தத்தில் தெரிந்தால் பிறகு குழாய் விட்டுச் சிறுகுடலிலிருந்து சிறு துணுக்கு எடுத்துப் பார்ப்பார்கள்.

தடிப்பு, வீக்கம், மூச்சிழுப்பு வரும் ஒவ்வாமை என்றால் கதை மறுபக்கம். அங்கே உடனே நிறுத்த வேண்டும், "6 கிழமை" என்பது அவர்களுக்கு இல்லை. தோலில் குத்திப் பார்ப்பது, இரத்தத்தில் ஐ.ஜி.ஈ. என்ற ஒவ்வாமை எதிருடலைப் பார்ப்பது என்று இரண்டு வழி உண்டு. இந்தச் சோதனைகளில் கோதுமைக்கு "உண்டு" என்று வந்தால் மட்டும் போதாது. புல் மகரந்த ஒவ்வாமை உள்ளவருக்கும் அப்படி வரும், அவர் பாணைத் தாராளமாகச் சாப்பிடுவார். சாப்பிட்டால் என்ன நடக்கிறது என்ற கதையும் சோதனையும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும்.

முகநூல் விளம்பரங்களில் 100, 200 உணவுகளுக்கு ஒரே இரத்தத்தில் சோதனை என்று வருகிறதே, அது பெரும்பாலும் ஐ.ஜி.ஜி. என்ற வேறொரு எதிருடலைப் பார்க்கும் சோதனை. ஒரு உணவை நீங்கள் சாப்பிட்டுப் பழகியிருக்கிறீர்கள் என்பதைத்தான் அது காட்டும். ஒவ்வாமை வைத்தியச் சங்கங்கள் அதைப் பரிந்துரைப்பதில்லை. அந்தக் காசுக்கு நல்ல மீன் வாங்கிச் சாப்பிடலாம்.

சோதனை எல்லாம் சரி, ஆனாலும் பாண் சாப்பிட்டால் வயிறு ஊதுகிறது. கற்பனையா?

கற்பனை இல்லை. கோதுமையில் குளூட்டன் மட்டும் இல்லை, ஃபிரக்டன் என்ற ஒரு வகைச் சர்க்கரைச் சத்தும் உண்டு. அது சிறுகுடலில் சமிக்காமல் பெருங்குடலுக்குப் போய் அங்குள்ள பக்ரீறியாக்களால் நொதித்துக் காற்றாகும். 2018 இல் வெளியான நோர்வே ஆய்வு ஒன்றில், தங்களுக்குக் குளூட்டன் ஒத்துவராது என்று சொன்ன 59 பேருக்கு, எதில் என்ன இருக்கிறது என்று சொல்லாமல் கொடுத்துப் பார்த்தார்கள். குளூட்டனை விட ஃபிரக்டன்தான் அவர்களுக்கு அதிகம் தொந்தரவு கொடுத்தது.

இப்போது உங்கள் தட்டைப் பாருங்கள். பாணோடு என்ன? இடிசம்பல். அதற்குள் சின்ன வெங்காயம், அதில் ஃபிரக்டன். பருப்புக்கறி, அதில் அதே குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு சர்க்கரை, மேலே உள்ளி. பக்கத்தில் ஒரு கோப்பை பால் தேத்தண்ணி, அதில் லக்ரோஸ் என்ற பால் சர்க்கரை. வளர்ந்த பிறகு லக்ரோசைச் சமிக்கும் நொதியம் குறைந்துபோவது எங்கள் பக்கத்தில் மிகச் சாதாரணம். எல்லாம் சேர்ந்து வயிற்றை ஊத வைத்துவிட்டுப் பழியைப் பாணின் தலையில் போடுகிறோம்.

ஒரு கிழமை பாணை அப்படியே வைத்துக்கொண்டு தேத்தண்ணியை வெறும் தேத்தண்ணி ஆக்குங்கள். அடுத்த கிழமை பருப்புக்குப் பதிலாக மீன் சொதி. ஒன்று ஒன்றாக மாற்றினால்தான் குற்றவாளி தெரியும். பாண்தான் என்று கண்டாலும் முழுவதும் விட வேண்டியதில்லை, இரண்டு துண்டோடு நிறுத்தினால் பலருக்குப் போதும். நீண்ட நேரம் புளிக்க வைத்த மாவில் ஃபிரக்டன் குறைந்திருக்கும் என்பதால் அப்படிச் செய்த பாண் இவர்களில் சிலருக்குச் சுகமாக இருக்கலாம். சீலியாக் உள்ளவருக்கு அது பாதுகாப்பல்ல, அதில் குளூட்டன் இன்னும் இருக்கிறது.

லக்ரோசைப் பொறுத்தவரை பாணில் சேரும் பால்மா மிகக் கொஞ்சம். லக்ரோஸ் தாங்காத பெரும்பாலோர் 12 கிராம் வரை, அதாவது ஒரு கோப்பைப் பால் அளவு, ஒரே நேரத்தில் தாங்குவார்கள். பால் ஒவ்வாமை உள்ள பிள்ளைக்கு இந்தக் கணக்கு பொருந்தாது, அவனுக்குத் துளியும் ஆகாது.

ஈஸ்ற்தான் காரணம் என்று சொல்கிறார்களே?

ஈஸ்றுக்கு உண்மையான ஒவ்வாமை அரிது. பாண் ஒத்துவராமல், அப்பமும் கள்ளும் ஒத்துவந்தால் ஈஸ்றை மறந்துவிடலாம்.

ஆட்டா மா, தவிட்டுப் பாண், குரக்கன் பாண் சாப்பிடலாமா?

ஆட்டா முழுக் கோதுமை. தவிட்டுப் பாணும் கோதுமை, அதில் ஃபிரக்டன் வெள்ளைப் பாணை விடக் கூடுதலாகவே இருக்கும். குரக்கனில் குளூட்டன் இல்லைத்தான், ஆனால் பேக்கரியில் கிடைக்கும் குரக்கன் பாண் கோதுமை மா இல்லாமல் எழும்பாது. நிறத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம். நீரிழிவுக்காக வாங்குபவர்களுக்கு அது வேறு கணக்கு.

அப்படியென்றால் எதைத்தான் சாப்பிடுவது?

இந்தக் கேள்விக்கு லண்டனில் இருப்பவரை விட யாழ்ப்பாணத்தில் இருப்பவருக்குச் சுலபமாகப் பதில் சொல்லலாம். சோறு, மீன்குழம்பு, சொதி, கீரை, இவை எதிலும் கோதுமை இல்லை. குரக்கன் பிட்டு, ஒடியல் பிட்டு, மரவள்ளிக் கிழங்கு, ஈரப்பலாக்காய், இராசவள்ளிக் கிழங்குக் கஞ்சி, அரிசி மா றொட்டி, தினை, சாமை, வரகு, சோளம், பயறு, உழுந்துக் களி எல்லாம் உங்களுடையவை. ஒடியல் மாவை வழமை போல நன்றாக ஊறவைத்துத் தண்ணீரை வடித்த பிறகே பாவியுங்கள். ஒடியல் கூழும் கோதுமை இல்லாதது. ஆனால் அதற்குள் நண்டும் இறாலும் போகும், அந்த ஒவ்வாமை உள்ளவர்கள் தனியாகக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

தனி அரிசி மாவில் இடியப்பம் பிழிந்தால் உடைகிறது, பிட்டு கல்லாகிறது என்று விட்டுவிடுபவர்கள் உண்டு. மாவைப் பதமாக வறுத்து, அரித்து, நன்றாகக் கொதித்த தண்ணீரை ஊற்றிக் குழைத்தால் இடியப்பம் இழை விடும். பிட்டுக்குத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்து, தேங்காய்ப்பூவைத் தாராளமாகச் சேர்த்தால் மென்மையாக இருக்கும். கோதுமை மா மலிவாகக் கிடைக்க முன்னரும் இந்த ஊரில் பிட்டு அவித்தார்கள்.

பாண்தான் வேண்டும் என்றால், அரிசி மாவும் மரவள்ளி மாவும் இசப்கோல் உமியும் சேர்த்து வீட்டில் சுடலாம். போறணைப் பாணின் முறுகல் வராது. எதிர்பார்க்காமல் இருந்தால் நன்றாகவே இருக்கும்.

ஒரே வீட்டில் எல்லாருக்கும் சமைக்கும்போது தனிப் பாத்திரம் வேண்டுமா?

வயிறு ஊதுபவருக்கு வேண்டாம். சீலியாக் உள்ளவருக்குக் கட்டாயம். ஒரு நாளைக்கு 10 மில்லிகிராமுக்குள் குளூட்டன் இருந்தால் பெரும்பாலும் பாதுகாப்பு என்பது கணக்கு. ஒரு துண்டுப் பாணில் 2 கிராமுக்கு மேல் இருக்கும். துண்டை இருநூறாகப் பிரித்து அதில் ஒரு துணுக்கு என்று நினைத்துப் பாருங்கள்.

எங்கள் சமையலறையில் முதலில் மாற்ற வேண்டியது நீத்துப்பெட்டி. பனையோலைப் பின்னலுக்குள் போய் ஒட்டிய மாவை எந்தக் கழுவலும் எடுக்காது. அரிக்கன் சட்டி கழுவலாம். மரத்தாலான இடியப்ப உரல், அரிதட்டு, சுளகு ஆகியவற்றைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். வடை பொரித்த எண்ணெயில் அப்பளம் பொரிக்காதீர்கள். மா அரைக்கும் மில்லுக்குப் போனால், உங்களுக்கு முன் யாராவது கோதுமை போட்ட சத்துமா அரைத்தாரா என்று கேளுங்கள். காலையில் மில் கழுவியதும் முதல் ஆளாகப் போவது ஒரு வழி, வீட்டில் சிறு அரைப்பான் வைத்திருப்பது அதைவிட நல்ல வழி. அந்தச் சத்துமாவிலேயே சோயாவும் கச்சானும் கூட இருக்கலாம் என்பதைக் கச்சான் ஒவ்வாமை உள்ள வீடுகளும் நினைவில் வையுங்கள்.

கனடாவிலிருந்து வந்த பைக்கற்றில் "குளூட்டன் இல்லாதது" என்று இருக்கிறது. நம்பலாமா?

கனடா, ஐரோப்பா, பிரித்தானியப் பொருட்களில் நம்பலாம். கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்குக் குறைவு என்பதுதான் அங்கே எல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 14 வகை ஒவ்வாமைப் பொருட்களைப் பட்டியலில் எடுப்பாகக் காட்ட வேண்டும் என்ற சட்டம் 2014 டிசம்பரிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. "கோதுமை இல்லாதது" என்பது வேறு. அதில் பார்லி இருக்கலாம். ஓட்ஸ் பைக்கற்றில் தனியாகக் "குளூட்டன் இல்லாதது" என்று போடாவிட்டால் வாங்க வேண்டாம், அது வயலிலும் ஆலையிலும் கோதுமையோடு கலந்துவிடுகிறது.

இங்கே ஓட்டோவில் பாட்டோடு வரும் பாணுக்கும் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் பணிசுக்கும் பட்டியல் இல்லை. கடைக்காரரைக் கேட்கலாம், ஆனால் அவர் சுட்டவர் இல்லை. ஒவ்வாமை உள்ள பிள்ளைக்கு வெளிப் பணிசு வேண்டவே வேண்டாம் என்பதுதான் என் முடிவு. பள்ளிக்கூட வகுப்பாசிரியருக்கும் கன்ரீன்காரருக்கும் எழுத்தில் கொடுத்து வையுங்கள்.

குழந்தைக்கு எப்போது கோதுமை, முட்டை, கச்சான் கொடுக்கலாம்? தள்ளிப் போட்டால் நல்லதா?

தள்ளிப் போடுவதால் நன்மை இல்லை. கச்சானைப் பொறுத்தவரை தீமையே உண்டு. 2015 இல் வெளியான லண்டன் ஆய்வில், ஒவ்வாமை வரும் அபாயம் கூடிய 640 குழந்தைகளில் ஒரு பகுதியினருக்கு முதல் வயதிலேயே கச்சான் கொடுத்தார்கள். தவிர்த்தவர்களோடு ஒப்பிட்டால் கொடுத்தவர்களிடம் கச்சான் ஒவ்வாமை பல மடங்கு குறைந்திருந்தது. ஆறு மாதத்தில் திட உணவு தொடங்கியதும் இவற்றை ஒவ்வொன்றாக, சிறு அளவில், காலை நேரத்தில் கொடுத்துப் பாருங்கள். கச்சானை முழுதாகக் கொடுக்கக் கூடாது, அரைத்துக் களியில் கலக்க வேண்டும். குழந்தைக்கு ஏற்கெனவே கடுமையான கரப்பன் இருந்தால் முதலில் வைத்தியரைக் கேளுங்கள்.

பல்லுக் கொழுக்கட்டை நாளில் சுற்றியிருக்கும் அத்தனை மாமிமாரும் ஒவ்வொன்றாக வாயில் வைக்கப் பார்ப்பார்கள். புதிய உணவை அறிமுகப்படுத்த அது உகந்த நாள் அல்ல.

கோவில் பிரசாதம், தேவாலய நற்கருணை ஆகியவற்றை என்ன செய்வது?

கோவிலில் சர்க்கரைப் பொங்கல், பஞ்சாமிர்தம், கடலை பிரச்சினை இல்லை. மோதகமும் வடையும் கேட்டு எடுக்க வேண்டும். அன்னதானச் சோறும் கறியும் நல்லது, சாம்பாரில் பெருங்காயம் பற்றி மட்டும் விசாரியுங்கள். வேண்டாம் என்று சொல்லாமல் கையில் வாங்கிக் கண்ணில் ஒற்றிப் பக்கத்தில் இருப்பவருக்குக் கொடுத்தால் யாரும் மனம் நோக மாட்டார்கள்.

கத்தோலிக்கருக்கு இது சற்றுச் சிக்கலானது. நற்கருணை அப்பம் கோதுமையால் செய்யப்பட்டிருக்க வேண்டும், குளூட்டன் முற்றாக இல்லாத அப்பம் செல்லாது என்று வத்திக்கான் 2017 இல் மறுபடியும் தெளிவுபடுத்தியது. ஆனால் குளூட்டன் மிகக் குறைத்த அப்பத்துக்கு அனுமதி உண்டு. அதுவும் முடியாதவர்கள் திராட்சை இரசத்தை மட்டும் பெற்றுக்கொள்ளலாம். பங்குத்தந்தையிடம் முன்கூட்டியே பேசுங்கள். அப்பத் துணுக்குப் போட்ட கிண்ணத்திலிருந்து இல்லாமல் தனிக் கிண்ணத்திலிருந்து வேண்டும் என்பதையும் சொல்லுங்கள்.

நான் பேக்கரியில் மாக் குழைப்பவன். பாண் சாப்பிட்டால் ஒன்றும் இல்லை, வேலைக்குப் போனால்தான் தும்மலும் இழுப்பும்.

இதுவும் ஒவ்வாமைதான், ஆனால் வயிற்று வழியாக இல்லை, மூச்சு வழியாக. மாத்தூசியையும், மாவில் சேர்க்கும் அமைலேஸ் என்ற நொதியத்தின் தூளையும் வருடக்கணக்கில் சுவாசிப்பதால் வருவது. மூக்கு ஒழுகுதல், கண் கடித்தல் என்று தொடங்கிச் சில காலத்துக்குப் பிறகு தொய்வாக மாறும். லீவு நாளில் குறைந்து வேலை நாளில் கூடுகிறதா என்பதைக் கவனியுங்கள், வைத்தியர் முதலில் கேட்பதும் அதைத்தான்.

மூக்கோடு நிற்கும்போதே பார்க்க வேண்டும். தொய்வான பிறகு வேலையை விட்டாலும் முழுதாக மாறாமல் போகலாம். மாச் சாக்கை உயரத்திலிருந்து கொட்டாமல் தாழ வைத்துச் சரியுங்கள். மேசையில் மாவை வீசித் தூவுவதற்குப் பதிலாக எண்ணெய் தடவுங்கள். விளக்குமாற்றால் கூட்டாமல் ஈரத் துணியால் துடையுங்கள். நல்ல முகக்கவசம் போடுங்கள், சாதாரணத் துணி போதாது. முடிந்தால் முதலாளியிடம் பேசிக் குழைக்கும் பகுதியிலிருந்து போறணைப் பக்கமோ விற்பனைப் பக்கமோ மாறிக்கொள்ளுங்கள்.